வலிக்காத கால்

சித்திரை மாதத்து மத்தியானத்தில் தென்காசிக் கோயிலிலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தாலே சிரிப்பு வரும். உள்ளே திருநீறு பூசிக்கொண்டு பயபக்தியோடு நின்ற ஆட்கள்தான், வெளியே கல்தளத்தில் கால் பட்டதும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதிப்பார்கள். நடப்பதற்காகத் தேங்காய் நார் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். அந்த வெயிலில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்?

அன்றைக்கு விரிப்பு காய்ந்து கிடந்தது. கோபுர வாசலில் எப்போதும் அடிக்கும் காற்றுகூடச் சூடாகத்தான் வந்தது. நான் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக நிழலுக்கு வந்து சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் விரிப்பை விட்டு இறங்கி, வெறும் கல்லில் நடந்து வருகிறார். அவசரமே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாயங்காலம் கடைவீதிக்குப் போகிறவர் மாதிரி வருகிறார்.

ஓடிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். எங்களோடு வந்திருந்த செல்லையா அண்ணாச்சி, என் கணவரின் நண்பர், ரிட்டயர்டு வாத்தியார், கண் கலங்கிவிட்டார்.

"பாத்தியளா மதினி. உடம்புங்கிற நெனப்பே போயிட்டு அவாளுக்கு. வைராக்கியம் வந்துட்டு."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கங்களில் இதுவரை என் தையல் கடையையும், அங்கே ஜாக்கெட் தைக்க வந்தவர்களையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரை ஓரமாகவே நிறுத்தி வைத்திருந்தேன். இந்த வாரம் அவரைப் பற்றி எழுத வேண்டும். சரியாகச் சொன்னால் அவருடைய இடது காலைப் பற்றி.

அருவியில் அலறியவர்

என் கணவர் பெயர் சண்முகவேல். மின்சார ஆபீஸில் வேலை பார்த்தார். கம்பத்தில் ஏறி இறங்கும் வேலையில் தொடங்கி, மேஜைக்கு வந்து சேர்ந்தவர். கம்பத்தில் ஏறிய ஆள் தைரியசாலியாக இருப்பார் என்று நினைத்துத்தான் எங்கள் வீட்டில் பெண் கொடுத்தார்கள்.

கல்யாணமாகி முதல் சாரலுக்குக் குற்றாலம் போனோம். ஆனி மாதம். மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெரிய பயில்வான் மாதிரி உள்ளே போனார். போன வேகத்தில், "ஏ, தலையில கல்லு விழுது, கல்லு விழுது" என்று அலறிக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் பக்கத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் யார் என்று தெரியாதவள் மாதிரி நானும் சேர்ந்து சிரித்தேன்.

காலில் முள் குத்தினால் அன்றைக்கு வீடு ரெண்டுபட்டுவிடும். நான் ஊசியைக் கையில் எடுத்ததுமே கத்த ஆரம்பிப்பார். "பைய, பைய. வலிக்குட்டி" என்று, மெதுவாகச் செய்யச் சொல்லிக் கெஞ்சுவார். "இன்னும் தொடவே இல்ல. வாய மூடிட்டு இரிங்க" என்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட மனுஷர், பிற்காலத்தில் கொதிக்கும் கல்லில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவளுக்குச் சந்தேகம் வர வேண்டுமா, பெருமை வர வேண்டுமா? இப்போது யோசித்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

சர்க்கரை வியாதி அவருக்கு வேலையில் இருக்கும்போதே வந்துவிட்டது. எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீடே கிடையாது. அதனால் அதை யாரும் ஒரு வியாதியாகவே நினைப்பதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை பாயசம் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

ரிட்டயர் ஆன பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்தால் பெண்கள் அளவு கொடுக்கக் கூச்சப்படுவார்கள். "எங்கனயாவது போயிட்டு வாங்களேன்" என்று நான்தான் விரட்டுவேன். அப்படிப் போகத் தொடங்கிய இடம்தான் அந்த மடம்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில், ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட சின்ன மடம். பெரிய ஆதீனம், யானை, தங்கத் தேர் என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு சாமி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம், என் கணவரைவிட ரொம்பச் சின்னவர். காவி கட்டுவதற்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் லாரி ஆபீஸில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். தானே சமைத்து, தானே பாத்திரம் கழுவி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவார்.

சாமியார்கள் வாழ்க்கையிலிருந்து, வீட்டில் இருக்கிறவன் என்னத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய பேச்சு. மனைவி மக்களை விட்டு ஓடி வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. சின்னச் சின்ன வேலையாகத்தான் கொடுப்பார். இலையில் விழுந்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடு. குளிக்கும் வரை செல்போனைத் தொடாதே. ஒரு தடவை கேட்டுக் கிடைக்காததை மறுபடி கேட்காதே. உனக்குப் பிடித்த பொருள் ஒன்றை வாரம் ஒருமுறை யாருக்காவது கொடு.

நல்லது நடந்ததை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக என் சாம்பாரில் உப்பு பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் உப்பே போடாமல் வைத்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினார். அந்தச் சாமிக்கு ஒரு கோயிலே கட்டலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் பேச்சு அடுத்த இடத்துக்குப் போனது. நான் இந்த உடம்பு அல்ல, உடம்பு என்பது நான் தங்கியிருக்கும் வீடு. இது என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் வந்து என்னிடம் சொன்னார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாழ்நாள் முழுவதும் உடம்பை அளந்தே பிழைத்தவள் நான். தோள் இவ்வளவு, சுற்றளவு இவ்வளவு என்று எழுதி வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்தேன். அதைச் சொன்னதும், "நீ சட்ட தைக்கவ, ஒனக்குச் சட்டைதான் தெரியும்" என்றார். நல்ல பதில்தான்.

கொடுத்துவிட்ட செருப்பு

அவரிடம் ஒரு தோல் செருப்பு இருந்தது. மகன் பெங்களூரில் முதல் சம்பளம் வாங்கி அனுப்பியது. தினமும் துடைத்து வைப்பார். ஒரு வாரம், பிடித்த பொருளைக் கொடுக்க வேண்டிய முறை வந்தபோது அந்தச் செருப்பைத் தூக்கி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தார்.

"வேற செருப்பு வாங்குவோம்" என்றேன்.

"வேண்டாம்ட்டி. கொடுத்தது கொடுத்ததுதான். சாமியாருக்கு எதுக்குச் செருப்பு?"

"நீங்க எப்பம் சாமியார் ஆனிய?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால் மடத்துச் சாமி செருப்புப் போடுகிறவர். நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. மடத்து முற்றத்தில்கூட அதைப் போட்டுக்கொண்டுதான் நடப்பார், சந்நிதிப் படியில் மட்டும் கழற்றுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வெறுங்காலோடு போய் நின்றதும் சாமி அவர் காலையே பார்த்தாராம். "அண்ணாச்சி, ஒங்களுக்குச் சுகர் இருக்குல்லா? செருப்பு போடுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் பட்ட கோபம் இருக்கிறதே, உடம்பு வேறு நான் வேறு என்ற ஆளுக்கு வரக்கூடாத கோபம் அது.

"காவியக் கட்டிட்டு ரப்பர் செருப்பு போட்டுட்டுத் திரியுதாரு. அவரு என்னத்தத் துறந்தாரு? நான் விட்டதை அவரால விட முடியல. அதான் வயித்தெரிச்சல்."

மடத்துக்குப் போவதை அதோடு நிறுத்தினார். செல்லையா அண்ணாச்சி வீட்டு மாடியில் நாலைந்து ரிட்டயர்டு ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். செல்போனில் யாராவது ஒரு சாமியார் பேசுவதைப் போட்டுக் கேட்பார்கள். முடிந்ததும் விளக்கம் சொல்வது என் கணவர். மடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு மாடியில் நாற்காலி கிடைத்தது.

விடியற்காலையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வெறுங்காலோடு நடப்பார்கள். மற்றவர்கள் வழியிலுள்ள மேலகரம் தாண்டுவதற்குள் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். இவர் மட்டும் ஜல்லியானாலும் தாரானாலும் ஒரே மாதிரி நடப்பார். கோயில் கல்தளத்துச் சம்பவத்துக்குப் பிறகு செல்லையா அண்ணாச்சி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஒருவர் கும்பிட்டால் மற்றவர் சும்மா நிற்க முடியுமா? எல்லாரும் கும்பிட்டார்கள்.

அன்று ராத்திரி என் கணவர் பாதத்தில் இரண்டு பெரிய கொப்புளங்களைப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் தடவினேன்.

"வலிக்கலையா?"

"வலி யாருக்குட்டி? காலுக்குத்தான? நான் காலா?"

நான் போய் இட்லி மாவை எடுத்து உள்ளே வைத்தேன்.

மாத்திரையையும் நினைத்தால் போடுவார், இல்லையென்றால் அதுவும் ஒரு பற்று என்பார். ஒருநாள் சாப்பிடும்போது, "நான் போனா எரிச்சிராதிய. துறவிகளைச் செய்யுத மாதிரி பொதைச்சிருங்க" என்றார். துறவிகளை எரிப்பதில்லை, சமாதி வைப்பார்கள். "மொதல்ல ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க. பெறவு சமாதி ஆவலாம்" என்றேன். அவரும் பையை எடுத்துக்கொண்டு போனார். வெறுங்காலோடுதான்.

எறும்பு

அந்த வருஷம் ஆடியில் நல்ல சாரல். குற்றாலத்தில் கூட்டமான கூட்டம். கூட்டம் வந்தால் குப்பையும் வரும். ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர், உடைந்த பாட்டில். இவரும் தினமும் போய்க் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், பாயைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியிலிருந்து ஒரு எறும்பு வரிசை சுவரோரமாகப் போய், பாயில் ஏறி, அவருடைய இடது பாதத்துக்குப் போனது. எதையாவது இனிப்பைத் தின்றுவிட்டுச் சிந்தியிருப்பார் என்று நினைத்துத் துடைப்பத்தோடு குனிந்தேன்.

பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு குழி. எறும்புகள் அதற்குள் போய்ப் போய் வந்தன. ஒரு வாடை அடித்தது. எறும்பைத் தட்டிவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பச்சை நிறத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. பாட்டில் கண்ணாடி.

என் விரல் அந்தக் குழியில் இருக்கிறது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கூப்பிட்ட சத்தத்தில்தான் விழித்தார்.

"என்னட்டி செய்யுத?"

"கால்ல கண்ணாடி கெடக்கு."

"எந்தக் கால்ல?" என்று கேட்டார்.



ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வர மாட்டேன் என்றுவிட்டார். நானே கண்ணாடியை எடுத்தேன். அதற்கும் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சேதி கேட்டு செல்லையா அண்ணாச்சியும் மற்றவர்களும் வந்தார்கள். புத்தியுள்ள ஒருவராவது திட்டுவார் என்று பார்த்தேன்.

"அருவித் தண்ணி மூலிகைத் தண்ணில்லா மதினி. மலையில எத்தன வேரத் தொட்டுட்டு வருது. நாலு நாள் அங்கன கொண்டுபோய் நிப்பாட்டுனாப் போதும்" என்றார் செல்லையா அண்ணாச்சி.

ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். புண்ணோடு அருவியில் நிற்க வைத்து, மஞ்சளை வைத்துக் கட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். நான் கத்தினேன். மகனுக்குப் போன் போட்டு அவனையும் கத்த வைத்தேன். "பொம்பளைக்கும் சின்னப் பயலுக்கும் பயம்தான் தெரியும்" என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காய்ச்சல் வந்தது. பாதம் வீங்கி, விரல் ஓரம் கறுத்தது. வாடை வாசல் வரைக்கும் வந்தது. மாடிக் கூட்டத்து ஆட்கள் வருவது நின்றது.

விளக்குமாற்றுக் குச்சி

மடத்துக் காலண்டர் ஒன்று அடுக்களையில் மாட்டியிருந்தது. அதில் நம்பர் இருந்தது. சாமியை வீட்டுக்கு அழைக்கிற பழக்கம் கிடையாது, அவரும் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனை எடுத்ததும் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "வாறேன்" என்றார்.

மழையில் டவுன் பஸ் பிடித்து வந்தார். என் கணவர் அவரைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. பிறகு என்னிடம் விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கினார்.

"அண்ணாச்சி, கண்ண மூடுங்க. நான் கால்ல தொடுததும் சொல்லணும்."

என் கணவர் கண்ணை மூடினார். பரீட்சை என்றதும் முகத்தில் ஒரு தெளிச்சி. ஜெயித்துக் காட்டிவிடுவோம் என்ற மாதிரி.

சாமி சுண்டுவிரலில் குச்சியால் குத்தினார். அடுத்த விரலில் குத்தினார். ஒவ்வொரு விரலாகக் குத்தி, உள்ளங்காலில் குத்தி, குதிகாலில் குத்தி, கணுக்காலுக்கு வந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் கணவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சாமி, இன்னும் தொடலையே?" என்றார்.

சாமி குச்சியை மேலே கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே வைத்தார்.

"ஆங். இப்பம்" என்றார் என் கணவர்.

"கண்ணத் தொறங்க அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துது." சாமி குச்சியைக் கீழே வைத்தார். "வலியத் தாங்குனா அது வைராக்கியம். வலியே தெரியலேன்னா அது வியாதி. இந்தக் கால நீங்க துறக்கல. அதுதான் ஒங்கள விட்டுட்டுப் போயிட்டு. ரொம்ப நாளைக்கு முந்தியே போயிட்டு."

என் கணவர் குச்சியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், யாரிடம் என்று தெரியவில்லை.

"அப்பம், நான் நடந்தது எல்லாம்?"

சாமி கட்டைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்.  கால் போகப் போகிறது என்பதுகூட என் கணவருக்கு அப்போது உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். வயதான காலத்தில் ஒரே ஒரு விஷயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தார். அது போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஆட்டோவுக்காக வாசலில் நிற்கும்போது சாமி என்னிடம் பேசினார். அதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

"உடம்பப் புண்ணு மாதிரி நெனைக்கணும்னு எங்க வழியில சொல்லுவாவ அம்மா. புண்ணு மேல ஆச வைக்க மாட்டோம். ஆனா தினமும் கழுவுவோம், மருந்து போடுவோம், கட்டுவோம். நான் முதல் பாதியவே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசிட்டு இருந்திருக்கேன். கேக்கதுக்கு நல்லாருக்குன்னு எல்லாரும் தலைய ஆட்டுனாவ. கழுவிக் கட்டுத பாதிய யாருக்கும் சொல்லல."

அதற்குப் பிறகு அந்த மடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு கிடையாது.

துணி சுற்றிய மூட்டை

தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த நாலைந்து நாளும் அவரை அருவியில் நிற்க வைத்திருந்தார்கள் என்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஒருவர் வெளியே வந்து, "கால நீங்க எடுத்துட்டுப் போறியளா, இல்ல இங்கனயே பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். கடையில் பையை எடுத்துட்டுப் போறியளா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். மகன் என் முகத்தைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு போகிறோம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் நான் முள் எடுத்த கால், வேறு எங்கோ போய் விழக்கூடாது என்று இருந்தது.

மகன் அதைத் துணி சுற்றிக் காரில் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு தென்காசிக்குத் தனியாக ஓட்டிப் போனான். எங்கள் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். இதை எரிக்க வேண்டாம், புதைத்துவிடு என்று நான் சொல்லி அனுப்பினேன்.

சுடுகாட்டிலிருந்து போன் வந்தது.

"அம்மா, இங்கன காவலுக்கு இருக்கவரு, இது யாரு, பேரு என்னன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல? அப்பா பேரச் சொல்லவா?"

"சொல்லாத" என்றேன். "அப்பா இருக்காவ. பேரச் சொல்லாத."

பேரில்லாமல் புதைத்தார்கள். பின்னால் அவர் போனபோது குடும்ப வழக்கப்படி எரித்தோம். அவர் ஆசைப்பட்ட சமாதி அவருடைய இடது காலுக்கு மட்டும் கிடைத்தது.

கழுவிக் கட்டுவது

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு மழைக்காலம்தான் இருந்தார். கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டேன். காலையில் வெந்நீர் வைத்து வெட்டிய இடத்தைத் துடைப்பேன், மருந்து வைப்பேன், கட்டுவேன். சாயங்காலமும் அப்படியே. சாமி சொன்ன மீதிப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அன்பாகச் செய்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். பல நாள் கோபத்தோடுதான் செய்தேன். கோபம் இருந்தாலும் கட்டைச் சரியாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். துறவிகள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்கிற காரியம் இதுதான் என்றால், நோயாளி இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் அதைக் காலையிலும் மாலையிலும் செய்துகொண்டிருக்கிறாள்.

செல்லையா அண்ணாச்சி ஒரே ஒரு தடவை வந்தார். ஆப்பிள் பையைக் கொடுத்துவிட்டு, கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லாம் அவன் செயல் மதினி" என்றார்.

"அண்ணாச்சி, தொட்டுக் கும்பிட்டியள்லா. வாங்க, வந்து ஒரு நாளாவது தொடச்சு விடுங்க" என்றேன்.

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

என் கணவர் பேச்சைக் குறைத்துவிட்டார். சாமியார்களின் வீடியோவை யாராவது அனுப்பினால் திறப்பதில்லை. சாம்பாரில் உப்பு கூடினால் மட்டும், "உப்பு கூடிட்டு" என்று மறுபடி சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்டதும் அடுக்களையில் நின்று அழுதேன்.

ஐப்பசியில் ஒரு பகல். மழை பிடித்துக்கொண்டது. நான் பட்டாசாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. போய்ப் பார்த்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கிடக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன செய்யுது?"

"காலு எரியுது. தாங்க முடியல."

வலது காலைத் தொட்டேன்.

"அது இல்லட்டி. அந்தக் காலு. விரலு மடங்கிக்கிட்டு நிமிர மாட்டேங்கு. கொஞ்சம் நிமித்தி விடேன்."

கால் இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெட்டின ஆட்களுக்கு இப்படி வரும், நரம்புக் கோளாறு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மாத்திரை கொடுத்தேன். மாத்திரை வேலை செய்ய நேரமாகுமே, அதுவரைக்கும் என்ன செய்வது? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில், நான் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காரும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். போர்வைதான் தட்டையாகக் கிடந்தது. கால் இருந்தால் பாதம் எங்கே வரும் என்று உத்தேசமாகப் பார்த்து, அந்த இடத்தில் கையை வைத்தேன்.

"இங்கனயா?"

"இன்னுங் கொஞ்சம் கீழ."

கையை இறக்கினேன். வெறும் விரிப்பின் மேல், பெருவிரலைப் பிடிப்பது போலப் பிடித்து, மெதுவாக நிமிர்த்தினேன்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வலிக்குட்டி" என்றார். "பைய."

பையத்தான் செய்தேன்.